கையும் கல்வியும்: டால்ஸ்டாய் பண்ணைப் பள்ளி காட்டிய வழி



நம் அறவாரியத்தின் ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகளை ஏன் அன்னதானச் சமையற்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று சென்ற ஓராண்டாகப் பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். தேவாரமும் திருக்குறளும் சொல்லித் தரத்தானே பணம் தருகிறோம் என்று ஒரு கொடையாளர் சற்று வருத்தத்துடனேயே கேட்டார். நியாயமான கேள்விதான். விடை சொல்வதற்கு முன், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பயின்ற ஒரு சின்னஞ்சிறு பள்ளியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. அது இருந்த இடம் தமிழகமன்று. நம் மலையகமும் அன்று. தென்னாப்பிரிக்கா.

அங்கே இந்தியருக்கு எதிரான சட்டங்களை எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களுள் தமிழர் மிகப் பலர். குடும்பத் தலைவர் சிறையிலிருக்க, மனைவி மக்களைக் காப்பது யார்? வீட்டுக்கு வீடு பணம் கொடுத்து வந்ததில் நிதி கரைந்தது. எல்லாரையும் ஓரிடத்தில் சேர்த்து, உழைத்து உண்ணச் செய்வதுதான் வழி என்றாயிற்று. அப்போதுதான், 1910ஆம் ஆண்டில், ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகை ஏதுமின்றி அவர்கள் பயன்பாட்டுக்கு விட்டார். அவர் ஜெர்மனியிலிருந்து சென்ற யூதர். அந்நிலத்துக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள்.

கொடையாளர்கள் இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்கவேண்டும். நிலத்தைக் கொடுத்த அந்தச் செல்வர் கல்வெட்டில் பெயரைப் பொறித்துவிட்டு வீடு திரும்பவில்லை. தாமும் பண்ணைக்கே குடிவந்தார். டிராப்பிஸ்ட் துறவியர் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து, அதைக் காந்தியடிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். காந்தியடிகள் விரும்பிய மற்றவர்களுக்குக் கற்பித்தார். தச்சு வேலையும் காலன்பாக்குக்கு ஓரளவு தெரியும். பெஞ்சு முதல் பெட்டி வரை அங்கே தேவைப்பட்டவை அங்கேயே செய்யப்பட்டன. பணம் கொடுப்பவரும் வியர்வை சிந்துபவரும் வேறு வேறு ஆட்கள் என்பது நம் வழக்கமாகிவிட்டது. அங்கே அது ஒருவராகவே இருந்தது.

பண்ணையில் சுமார் நாற்பது இளைஞர்கள், இரண்டு மூன்று முதியவர்கள், ஐந்து பெண்கள், இருபது முப்பது பிள்ளைகள் இருந்ததாகக் காந்தியடிகள் கணக்குச் சொல்கிறார். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர். சமைப்பது முதல் மலம் அள்ளுவது வரை எல்லா வேலையும் தம் கையாலேயே செய்யவேண்டும்; வேலையாள் கிடையாது. ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் இருந்தன. கழிவுநீர் வாளிகளில் சேர்ந்து மரங்களுக்குப் போயிற்று. காய்கறிக் குப்பை எருவாயிற்று. ஒன்றரை அடி ஆழக் குழியில் மலத்தைக் கொட்டி, தோண்டிய மண்ணாலேயே மூடினார்கள். நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. இவ்வளவும் பிள்ளைகள் கண்ணெதிரே, அவர்கள் கைபடவே நடந்தது. சுகாதாரப் பாடம் என்று தனியாக ஒரு புத்தகம் தேவைப்படவில்லை.

பள்ளியின் தலையாய விதி ஒன்றுண்டு. ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது. குழி வெட்டினாலும் மரம் தறித்தாலும் சுமை தூக்கினாலும் பெரியவர் ஒருவர் உடன் நின்று தாமும் செய்வார். ஜோசப் ராயப்பன் என்ற தமிழர் இங்கிலாந்தில் சட்டம் படித்துத் திரும்பிய பாரிஸ்டர். கடும் உழைப்பு அவருக்குப் பழக்கமில்லை. ஆயினும் இரயிலில் வந்த மூட்டைகளை இறக்கி, வண்டியில் ஏற்றி இழுப்பதில் தம்மால் இயன்றதைச் செய்தார். பாரிஸ்டர் மூட்டை இழுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு உழைப்பின் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்பிக்கவேண்டுமா?

ஏட்டுக்கல்விக்கு ஒதுக்கியது மிஞ்சினால் மூன்று பாடவேளைதான், அதுவும் பகலுணவுக்குப் பிறகு. காலையெல்லாம் உழைத்த களைப்பில் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ஆசிரியர்களும் தூங்கி விழுவார்கள். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, விளையாட்டுக் காட்டிப் பார்த்தும் சில நாள் பலிக்கவில்லை என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். எல்லாம் சிறப்பாக நடந்தது என்று சொல்லிக்கொள்ளாத அந்த நேர்மைக்காகவே அப்பள்ளியை நான் நம்புகிறேன்.

தமிழ் கற்பித்த கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கொஞ்சம்தான் தெரியும். எழுத்தோ அறவே தெரியாது. கப்பற் பயணங்களிலும் சிறையிலுமாகப் போப் ஐயரின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாமே கற்ற காந்தியடிகள், அவர்களுக்கு எழுத்தும் அடிப்படை இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பேச்சில் பிள்ளைகள் அவரை வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் வந்தால், மாணவர்களே ஆசிரியருக்கு மொழிபெயர்ப்பாளர். தமக்குத் தெரியாததை மறைக்காத ஆசிரியரிடம் பிள்ளைகளுக்கு அன்பு குறையவில்லை, கூடியது.

ரமலான் மாதத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். நம் நாட்டில் புவாசா மாதத்தை அறியாதவர் இல்லை. பண்ணையின் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு நோற்றபோது, மற்றப் பிள்ளைகளும் துணைக்கு நோன்பிருக்கும்படி காந்தியடிகள் ஊக்கப்படுத்தினார். கட்டாயம் இல்லை. மற்றவர்கள் சூரியன் மறையுமுன் தங்கள் உணவை முடித்துக்கொண்டு, நோன்பு திறப்பவர்களுக்குச் சமைத்துப் பரிமாறினார்கள். தொண்டு என்ற சொல்லை அப்பிள்ளைகள் இப்படித்தான் கற்றார்கள்.

அப்பள்ளி மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை. ஆனால் விதை போகவில்லை. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழிலும் தாய்மொழியும் அதன் உயிராக இருந்தன. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு பாடத்திட்டம் வகுத்தது. சேவாகிராமத்தில் அதை நடத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர், இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். அவருடைய துணைவியார் ஆஷாதேவியும் உடன் உழைத்தார்.

இனி, மறுபக்கம். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவனின் தாயார் என்னிடம் வந்து, "எங்கம்மா விடியக்காலம் பெரட்டுக்குப் போனாங்க, நான் பால்மரம் வெட்டினேன். எம்புள்ள கையில அந்த வேலையெல்லாம் வேண்டாம்னுதானே சார் படிக்க வைக்கிறோம்? இங்க வந்து வெங்காயம் உரிக்கவா?" என்று கேட்டார். தோட்டப்புறத்தில் பிறந்த எனக்கு அந்தக் கோபம் புரியாமல் இல்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி வேளையில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது தமிழகமே கொதித்ததும் இதனால்தான். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டம், காமராசர் முதலமைச்சரானபின் 1954இல் கைவிடப்பட்டது. அது போனது நல்லதே என்பது என் கருத்து. வெட்டியான் மகன் வெட்டியானாகவும் வக்கீல் மகன் வக்கீலாகவும் ஆவதற்குக் கைவேலைக் கல்வி எதற்கு? பண்ணைப் பள்ளியில் வேலை குலத்தைப் பார்த்து வரவில்லை. மலக்குழியும் எல்லாருக்கும், இலக்கணமும் எல்லாருக்கும். அந்த ஒரு நிபந்தனை தவறினால் கைவேலைக் கல்வி அடிமைக் கல்வியாகிவிடும்.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சமையற்கூடத்துக்கு வந்து பார்க்கும்படி அழைத்தேன். வந்தார். மருத்துவர் மகளும் லாரி ஓட்டுநர் மகனும் ஒரே பாயில் அமர்ந்து வெங்காயம் உரித்தார்கள். நானும் உரித்தேன். அன்றைய உபயகாரரும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரித்தார். தாயார் இன்னும் முழுமையாக உடன்பட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மகனை நிறுத்தவில்லை.

எங்கள் சமையற்காரர் கணக்கில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. 240 பேர் வந்தால் 30 கிலோ. இது வகுத்தல் கணக்கு. எந்தப் பிள்ளையும் போட்டுவிடும். ஆனால் எத்தனை பேர் வருவார்கள்? மழை பெய்தால் ஐந்து கிலோ குறைத்துப் போடு என்பார் அவர். அமாவாசையென்றால் கூட்டிப் போடு என்பார். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு ஞாயிறும் செலவான இலை, மழை, திதி, மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார்கள். சில மாதங்களில் சமையற்காரரே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலானார். மிஞ்சுவது தெரிந்ததும், அதை யாருக்குத் தருவது என்ற கேள்வி தானாக எழுந்தது. பக்கத்து அடுக்குமாடியில் தனியாக வாழும் முதியோரைப் பற்றிச் சொன்னது பத்து வயதுப் பெண் ஒருத்தி. பந்தி முடியக் காத்திருந்து மிச்சத்தைக் கொடுப்பது மரியாதையன்று, முதலிலேயே எடுத்துவைப்போம் என்றதும் அவள்தான். இப்போது முதற்சட்டி அங்கேதான் போகிறது. எந்த நீதிநூற் பாடத்தில் நான் அதைச் சொல்லிக்கொடுத்திருப்பேன்?

தமிழும் அங்கேயே வளர்கிறது. முறம், அகப்பை, அரிவாள்மனை என்ற சொற்களைப் பொருளோடு சேர்த்துக் கற்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா, பாட்டி?" என்று கேட்கப் பழகுகிறார்கள். தேசியப் பள்ளியில் படிப்பதால் தமிழெழுத்தே அறியாமல் வந்தவர்கள், உபயகாரர் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறார்கள். ரகர றகரம் சில வேளை மாறிப்போகும். உபயகாரர்கள் பொறுத்தருளவேண்டும், அடுத்த வாரம் திருந்தியிருக்கும். தேவாரம் நின்றுவிடவில்லை. காலை ஒன்பதரை வரை பண், பிறகு பாத்திரம்.

கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உபயம் எடுக்கும் ஞாயிறன்று காசோலையுடன் நீங்களும், முடிந்தால் உங்கள் பேரப்பிள்ளைகளும் காலை 9.30 மணிக்கு வாருங்கள். சிறியவர்களுக்கு வெங்காயமும் கீரையும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் அரிவாள்மனை, அதுவும் பெரியவர் ஒருவர் அருகிருக்க. இப்போது ஆறு இருக்கின்றன. பழையது வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள், நான்கு போதும்.