பாலர் கழிப்பிடப் பழக்கமும் இல்லத்துச் சுகாதாரமும்

கொள்முதல், விற்பனை, வாடகை என்று மணிக்கணக்காகப் பேசும் நாம், வீட்டிலுள்ள கழிப்பிடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூசுகிறோம். டச்சுக்காரர் விட்டுச் சென்ற 'கக்கூஸ்' என்ற சொல்லையும், மலாய்க்காரரின் 'ஜம்பான்' என்ற சொல்லையும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறோம். இதில் கூச்சத்துக்கு இடமேது? நமது பிக்ஹு நூல்கள் தொடங்குவதே தஹாரத் என்னும் சுத்தத்தின் பாடத்தைக் கொண்டுதான்.

காலையில் கடை திறக்கச் சென்று இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் வாப்பாமார்களுக்கு, சிறு பிள்ளையைக் கழிப்பிடத்துக்குப் பழக்கும் சிரமம் தெரிவதில்லை. "மூன்று வயதாகியும் இன்னும் டயப்பரா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்கள். அந்த வார்த்தை தாயாரின் மனத்தில் தைத்து, மறுநாள் பிள்ளையின் தொடையில் அடியாக விழுகிறது. ஆகவே இப்பாடம் வாப்பாமார்களுக்கும் உரியது.

மலஜலத்தை அடக்கும் சக்தி பிள்ளையின் பிடிவாதத்தைப் பொறுத்ததன்று. நரம்பும் தசையும் முதிர்வதைப் பொறுத்தது. பெரும்பாலான பிள்ளைகளிடம் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் இதற்கான அறிகுறிகள் தோன்றும். இரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பது, சொன்னதைப் புரிந்து செய்வது, கால்சட்டையைத் தானே இறக்குவது, நனைந்ததும் முகம் சுளிப்பது ஆகியவையே அவை. இவை தோன்றுமுன் அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அவசரப்படுவது வீண் வேலை.

பழக்கும் விதம் எளிது. சாப்பிட்டால் குடல் அசையத் தொடங்கும். எனவே பசியாறிய பிறகு, கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் பிள்ளையை உட்கார வைக்கலாம். ஐந்து நிமிடம் போதும். உயரமான இருக்கையில் கால் தொங்கினால் முக்க முடியாது. பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி வைக்க வேண்டும். தண்ணீர் இழுக்கும் ஓசைக்கு அஞ்சும் பிள்ளைகள் பலருண்டு. அவர்கள் வெளியே வந்த பிறகு இழுத்தால் என்ன குறைந்துவிடும்? பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவிவிடக் கற்றுக் கொடுப்பது அவசியம்.

இனி, பெற்றோர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று: மலச்சிக்கல். ஒரு நாள் மலம் இறுகி வலித்துவிட்டால், மறுநாள் பிள்ளை அஞ்சி அடக்குகிறது. அடக்க அடக்க அது மேலும் இறுகி, மேலும் வலிக்கிறது. கதவோரம் நின்று கால்களைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்கும் பிள்ளை முக்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அடக்குகிறது. நாள் சென்றால், உள்ளே இறுகிக் கிடப்பதன் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து கால்சட்டையைக் கெடுக்கும். அதை வயிற்றுப்போக்கென்று எண்ணி மருந்து கொடுத்தால் சிக்கல் முற்றும். வேண்டுமென்றே செய்கிறது என்று அடிப்பதோ அதைவிடக் கொடுமை. அந்தக் கசிவைப் பிள்ளையால் உணரவே முடிவதில்லை.

பரிகாரம் என்ன? நாளெல்லாம் பால் புட்டி கொடுப்பதைக் குறைத்து, தண்ணீர், பப்பாளி, கீரை முதலியவற்றைக் கூட்ட வேண்டும். சோப்புத் துண்டு வைப்பதும் விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேண்டாம். மருத்துவர் மலமிளக்கி கொடுத்தால், இரண்டு நாளில் குணம் தெரிந்ததும் நிறுத்திவிடாமல் அவர் சொல்லும் காலம் வரை கொடுக்க வேண்டும். சிக்கல் தீரும் வரை பழக்கும் வேலையை ஒத்திவைப்பதே நல்லது.

கிராமத்து அரபி ஒருவர் மஸ்ஜிதிலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது, தோழர்கள் அதட்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, அவரை இடைமறிக்காமல் விடச் சொல்லி, முடிந்தபின் அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். பள்ளிவாசலில் பெரியவர் ஒருவருக்கே அந்தப் பொறுமை கிடைத்தது. நம் வீட்டுத் தரையில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை காட்டுகிறோம்?

கழிப்பிடத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். சிங்கப்பூரில் மலவாளி எடுக்கும் முறை 1987-ல்தான் முற்றிலும் ஒழிந்தது. அதைக் கண்ட நம் மூத்தோருக்கு, தண்ணீர் இழுத்தால் போகும் கழிப்பிடத்தின் அருமை தெரியும். இன்றோ டயப்பர், ஈரத்துடைப்புத் தாள், சமையல் எண்ணெய் எல்லாவற்றையும் அதிலேயே போடுகிறார்கள். ஈரத்துடைப்புத் தாள் சாதாரணத் தாளைப்போல் கரையாது, குழாயை அடைத்துவிடும். தொட்டியில் நீர் கசிகிறதா என்றறிய, அதில் சிறிது உணவுச் சாயத்தைக் கலந்து அரை மணி நேரம் இழுக்காமல் விடவும். சாயம் கீழே இறங்கியிருந்தால் கசிவு உண்டு. உபயோகமில்லாத குளியலறையில் நாற்றம் வந்தால், தரைக் குழாயின் வளைவில் நீர் வற்றியிருக்கும்; ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும்.

பகலில் பழகிய பிள்ளையும் இரவில் படுக்கையை நனைக்கலாம். ஐந்து வயது வரை இது சாதாரணம். ஏழு வயதிலும் சிலருக்கு உண்டு. மெத்தைமேல் நீர் புகாத விரிப்புப் போட்டுவிட்டுப் பேசாமலிருக்கலாம். ஆனால் சிறுநீர் போகையில் எரிச்சல், காய்ச்சல் இருந்தாலும், நன்கு பழகிய பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கி, மிகுந்த தாகமும் உடல் மெலிவும் கண்டாலும், கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும்.