ரோட்டரி டேபிள் வாங்குமுன் அளவெடுங்கள்



மளிகைக்காரருக்கு மில்லிங் மிஷின் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடையோடு மாவு மில், மிளகாய் அரைக்கும் பல்வரைசர் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். மோட்டாரையும் மில்லையும் இணைக்கும் கப்ளிங் கெட்டால் அரவை நின்றுவிடும். பண்டிகைக்கு முந்திய வாரத்தில் நின்றால் வாடிக்கையும் போய்விடும். இதற்காகவே எங்கள் மொத்தக் கடையின் பின்புறம் சிறு பட்டறை போட்டோம்.

ஆரம்பத்தில் கப்ளிங்கின் ஆறு துளைகளைக் காம்பஸால் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்துப் போட்டோம். நான்கு போல்ட் நுழைந்தது, இரண்டு நுழையவில்லை. அந்த இரண்டு துளைகளையும் அரத்தால் அகலப்படுத்தி மாட்டினோம். மில் அதிர்ந்தது, பேரிங் சூடேறியது. துளைகள் சம இடைவெளியில் அமைய ரோட்டரி டேபிள் வேண்டும் என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

உடனே ஓடிப்போய் 6 அங்குல டேபிளும் அதற்குச் சக்கும் வாங்கி வந்தோம். தவறு அங்கேதான். எங்கள் மிஷினில் ஸ்பிண்டில் முனைக்கும் பெட்டுக்கும் இடையே அதிகபட்சம் 280 மில்லிமீட்டர். டேபிள் உயரம் 80, சக் 70, கப்ளிங் கனம் 25, டிரில் சக்கும் பிட்டும் சேர்ந்து 150. மொத்தம் 325! விற்றவர் திரும்ப எடுக்க மறுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். நம் கடையிலும் அதுதானே வழக்கம்.

பிறகு சக்கைக் கழற்றி வைத்தோம். டேபிளின் மேல் 10 மில்லிமீட்டர் கனத்தில் சமமான இரு கட்டைகள் கொடுத்து, கப்ளிங்கை அதன்மேல் நேராகக் கிளாம்பு போட்டுப் பிடித்தோம். மொத்தம் 265. வேலை நடந்தது. கட்டைகள் இருப்பதால் பிட் டேபிளில் இறங்காது. சக்குக்குக் கொடுத்த பணம்தான் அலமாரியில் தூங்குகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. உயரம்: மேலே சொன்ன கூட்டலைத் தாளில் போட்டுப் பாருங்கள். மிச்சம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

2. டி ஸ்லாட்: பெட்டின் பள்ள அகலத்தை அளந்து செல்லுங்கள். டேபிளின் காதுகள் அந்தப் பள்ளங்களுக்கு நேராக வர வேண்டும்.

3. பல் விகிதம்: 90க்கு 1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு டேபிள் 4 டிகிரி திரும்பும். 40க்கு 1 என்றால் 9 டிகிரி. ஆறு துளைக்கு 60 டிகிரி வீதம். 90 விகிதத்தில் சரியாக 15 சுற்று. ஏழு துளை என்றால் முழுச் சுற்றாக வராது. அதற்குத் துளைத்தட்டு தேவை.

4. தளர்வு: கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எதிலும் இருக்கும். அதிகமாக இருந்தால் சரிசெய்ய வழி உண்டா என்று கேளுங்கள்.

பொருத்தும் முறை:

பெட்டையும் டேபிளின் அடியையும் துடையுங்கள். ஒரு சிறு இரும்புத்தூள் கிடந்தாலும் டேபிள் சாய்ந்து உட்காரும். போல்ட்டை லேசாக முடுக்கி, ஸ்பிண்டிலில் டயல் கேஜ் மாட்டி, கையால் சுழற்றி டேபிளின் நடுத்துளையைத் தொட வையுங்கள். முள் அசையாமல் நிற்கும் வரை பெட்டை நகர்த்துங்கள். பிறகு போல்ட்டை முழுதும் முடுக்கி, மறுபடி சோதித்து, பெட்டின் டயல்களைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

அடுத்து கப்ளிங்கை வைத்து, கேஜை அசைக்காமல் டேபிளைச் சுழற்றி அதன் நடுத்துளையையும் மையப்படுத்துங்கள். துளைகள் அமையும் வட்டம் 80 மில்லிமீட்டர் விட்டம் என்றால், பெட்டை 40 நகர்த்திப் பூட்டுங்கள். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய்த் திரும்ப வாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் டேபிளைப் பூட்டிய பிறகே பிட்டை இறக்குங்கள்.

அப்படிப் போட்ட கப்ளிங்கில் ஆறு போல்ட்டும் கைவிரலாலேயே நுழைந்தன. மில்லின் அதிர்வும் நின்றது.

கிடங்கில் இடம் பார்க்காமல் மூட்டை இறக்க மாட்டோம் அல்லவா? மிஷின் சாமானுக்கும் அதே கணக்குதான். அளவு நாடாவை முதலில் எடுப்போம், பணப்பையைப் பிறகு எடுப்போம்.