பச்சை குத்தும் சுழல்பொறிக்கு எந்த மோட்டார்?

நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் காப்புரிமை பெற்ற பச்சை குத்தும் மின்பொறி, எடிசனின் மின்பேனாவைத் தழுவியது. இன்று கையால் செய்யப்படும் சுழல்பொறிகளுக்கும் அடிப்படை அதுவே. மோட்டார்த் தண்டில் மையம் விலகிய சிறு சக்கரம் ஒன்று. அது சுழல, ஊசி மேலும் கீழும் ஓடும். விலகல் 1.75 மி.மீ. என்றால் ஊசியின் ஓட்டம் 3.5 மி.மீ. சுற்றுக்கு ஒரு குத்து. நிமிடத்திற்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 குத்து.

பலர் இந்தச் சுற்று எண்ணை மட்டுமே பார்த்து வாங்குகின்றனர். அது சுமையின்றி ஓடும்போது கிடைக்கும் எண். பழைய குறுந்தட்டுக் கருவியிலிருந்து கழற்றிய மோட்டார் வெறுங்காற்றில் இனிமையாகப் பாடும், தோலில் திணறும். ஊசி வெளிவருமுன் கை நகர்ந்தால் தோல் கிழியும், தழும்பு நிற்கும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் என்ன என்பீர்கள். வேகம் கூடும், ஆயினும் அதே சுமைக்கு வேகம் சரியும் அளவு மாறாது. அது மோட்டாரின் உடன்பிறந்த குணம். ஆகவே முறுக்குவிசையையே முதலில் பாருங்கள்.

இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டாரே என் தேர்வு. சுழலி இலேசானது, ஓட்டம் சீரானது. விலைதான் மாணவர் கைக்கு அடங்காது. தண்டைத் தாங்குவது பந்துத் தாங்கியா என்றும் கேளுங்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தண்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது.

மோட்டாரை நீராவியில் கிருமிநீக்கம் செய்ய இயலாது. ஊசியும் குழலும் தனியே கழன்று வருமாறு சட்டத்தை அமைத்த பிறகே அதைப் பொருத்துங்கள்.