வெயிற் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தல்

கோடை தொடங்கிவிட்டால் தில்லி போன்ற வட இந்திய நகரங்களின் நடைபாதைகளில் வெயிற் கண்ணாடிகள் கடைபரப்பப்படுகின்றன. பலகையொன்றில் வரிசை வரிசையாகச் செருகி வைக்கப்பட்டுள்ள கண்ணாடிகளுள் ஒன்றை எடுத்து மாட்டி, விற்பவர் நீட்டும் சிறு முகக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, பேரம் பேசி வாங்கிச் செல்வதே பெரும்பாலோர் வழக்கம். முகத்துக்குப் பொருந்துகிறதா, போதிய அளவு கறுப்பாக உள்ளதா என்னும் இரண்டை மட்டுமே அவர்கள் பார்க்கின்றனர். கண்ணுக்கு வேண்டிய பாதுகாப்பு அக்கண்ணாடியில் உண்டா என்பதை இவ்விரண்டும் காட்டமாட்டா.

தமிழ்நாட்டில் இதனைக் ‘கூலிங் கிளாஸ்’ என்பர். குளிர் கண்ணாடி என்று தமிழாக்கியும் எழுதுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயர் நெடுநாளாக உறுத்தலாய் இருந்து வருகின்றது. இக்கண்ணாடி எதனையும் குளிர்விப்பதில்லை. கூச்சம் நீங்குவதால் கண்ணுக்கு உண்டாகும் இதத்தையே குளிர்ச்சி என்று கொண்டுவிட்டோம். கூச்சத்தை உண்டாக்குவது கண்ணுக்குப் புலனாகும் ஒளி. கண்ணைக் கெடுப்பதில் பெரும்பங்கு புலனாகாத கதிர்களுக்கு உரியது. முன்னதைக் குறைக்கும் கண்ணாடி பின்னதையும் தடுக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. இதனை மனத்திற்கொண்டால் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்ததாகும்.

புலனாகாத கதிர்கள்

சூரியனிடமிருந்து வரும் கதிர்களுள் நமக்குப் புலனாகின்றவை ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்களை விஞ்ஞானிகள் ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்துள்ளனர். 280-க்குக் குறைந்த சி வகை காற்று மண்டலத்தைக் கடந்து வருவதில்லை. 280 முதல் 315 வரையுள்ள பி வகையில் பெரும்பகுதியை ஓசோன் படலம் உட்கொண்டு விடுகின்றது. எஞ்சிய பி வகையும், 315 முதல் 400 வரையுள்ள ஏ வகையும் நிலத்தை எட்டுகின்றன.

கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் தெளிந்த படலம் பி வகையில் பெரும்பகுதியையும், அதன் பின்னுள்ள கண்வில்லை ஏ வகையில் பெரும்பகுதியையும் தடுத்து நிறுத்துகின்றன. இதனால் விழித்திரை காக்கப்படுகின்றது. காக்கும் உறுப்புகளோ கேட்டுக்கு உள்ளாகின்றன. பல்லாண்டுகள் வெயிலில் உழைப்போருக்குக் கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியின்மேல் சதை படர்வதை மருத்துவர்கள் மிகுதியாகக் காண்கின்றனர். கண்புரைக்கு முதுமை, நீரிழிவு, புகை பிடித்தல் எனக் காரணங்கள் பல உண்டு. புற ஊதாக் கதிரும் அவற்றுள் ஒன்று. குழந்தைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைக் காட்டிலும் தெளிவானது. ஆகையால் அவர்களுடைய விழித்திரையை எட்டும் கதிரும் மிகுதி. விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் கறுப்புக் கண்ணாடியை அவர்களுக்கு அணிவிப்பது தகாது.

இக்கதிர்களின் வலிமை எங்கும் ஒரே அளவினதன்று. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் அது ஏறத்தாழ 10 சதவீதம் மிகுகின்றது. தரையிலிருந்து எதிரொளித்தும் கதிர்கள் கண்ணை அடைகின்றன. புல்தரை 10 சதவீதத்துக்கும் குறைவாகவே அவற்றைத் திருப்பியனுப்புகிறது. உலர்ந்த கடற்கரை மணல் ஏறத்தாழ 15, கடல் நுரை ஏறத்தாழ 25, புதுப்பனி 80 சதவீதம் வரை திருப்பியனுப்பும்.

என் அலுவலக நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் லடாக்கிற்குச் சென்றிருந்தார். லே நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனினும் உயர்ந்த கணவாய் ஒன்றில் பனியின்மேல் அரை நாள் உலவினார். நடைபாதையில் வாங்கிய, மிகக் கறுத்த கண்ணாடியை அணிந்திருந்தமையால் பகலில் அவருக்குத் துன்பம் ஏதும் தோன்றவில்லை. இரவு படுக்கச் சென்ற பின்னரே கண்களில் மணலை அள்ளிப் போட்டாற்போன்ற உறுத்தல் எழுந்தது. நீர் வடிந்தது, விளக்கை ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. இது பனிக்குருடு எனப்படும் நோய் என்றார் மருத்துவர். வெயிலில் தோல் எரிந்து போவதைப் போலவே கார்னியாவின் மேற்பரப்பும் எரிந்து போகின்றது. வலியோ சில மணி நேரம் கழிந்த பின்னரே தலைகாட்டுகின்றது. நண்பருக்கு இரண்டு நாட்களில் நலமாயிற்று. அவருடைய கண்ணாடி கதிரை உள்ளே விட்டதா, கதிர் அதன் பக்கங்களின் வழியாகப் புகுந்ததா என்று இப்போது கூற இயலாது. இரண்டும் கூடியிருத்தல் கூடும்.

கறுத்த கண்ணாடி கதிரைத் தடுக்காதிருப்பின், கண்ணாடி அணியாதிருப்பதைக் காட்டிலும் தீங்கு மிகலாம். வெயிலில் கண் இயல்பாகவே இடுங்கிக்கொள்கின்றது. கண்ணின் பாவையும் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகின்றது. கறுப்பு வில்லையின் பின்னே இமைகள் அகலத் திறக்கின்றன, பாவையும் விரிகின்றது. புலனாகாத கதிருக்கு வாயில் அகலமாகிவிடுகிறது.

நிறமும் தடுப்பும் வேறு வேறு

நிறத்துக்கும் தடுப்புக்கும் தொடர்பில்லை என்பது புதிய செய்தியன்று. சர் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில ரசாயன அறிஞர், கண்ணாடித் தொழிற்சாலைகளில் உலைமுன் நிற்போருக்கு உண்டாகும் கண்புரையைத் தடுக்கும் பொருட்டுப் பலவகைக் கண்ணாடிக் கலவைகளைச் செய்து பார்த்து, 1913-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின்முன் தம் ஆராய்ச்சி முடிவுகளை வைத்தார். சீரியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்தால், நிறம் மிகுதியின்றியே கண்ணாடி புற ஊதாக் கதிரை உட்கொள்ளும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. தடுப்பது நிறமன்று, பொருளின் இயல்பே.

இன்று வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆகின்றன. பாலிகார்பனேட் தன் இயல்பினாலேயே ஏறத்தாழ 380 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கவல்லது. சி.ஆர். 39 என்னும் பிளாஸ்டிக்கில் அதற்கென ஒரு பொருளைக் கலத்தல் வேண்டும். சாதாரண அக்ரிலிக் வில்லை, அவ்வாறு எதுவும் கலக்கப்படாவிடின், ஒரு பகுதியை விட்டுவிடும். சாதாரணக் கண்ணாடியும் பி வகையைத் தடுத்து ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விடும். இதனின்று ஒன்று தெளிவாகின்றது: விலை குறைந்த பாலிகார்பனேட் வில்லை நன்றாகக் காக்கலாம், விலை மிக்க, பெயர் பெற்ற சட்டத்துள் அமைந்த கண்ணாடி வில்லை குறைவாகக் காக்கலாம். விலையைக் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, ‘யூ.வி. 400’ என்றோ, 400 நானோமீட்டர் வரை முழுத் தடுப்பு உண்டு என்றோ பொறிக்கப்பட்டுள்ளதா என்பதை. வெயிற் கண்ணாடிக்கெனத் தேசியத் தரம் ஒன்றை முதன்முதலில் வகுத்த நாடு ஆஸ்திரேலியா, ஆண்டு 1971. சர்வதேச அளவில் ஐ.எஸ்.ஓ. 12312-1 என்னும் தரம் நடைமுறையில் உள்ளது. இத்தரம் வில்லைகளை, அவை உள்ளே விடும் ஒளியின் அளவுப்படி 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிக்கின்றது. 2-ஆம் வகை 18 முதல் 43 சதவீதம் வரை ஒளியை விடும். 3-ஆம் வகை 8 முதல் 18 வரை. 4-ஆம் வகை 3 முதல் 8 வரை. நம் சமவெளிக் கோடைக்கு 3-ஆம் வகையே ஏற்றது. 4-ஆம் வகை பனிமலைக்கு உரியது. அதனை அணிந்து வண்டி ஓட்டலாகாது. இவ்வெண்கள் கறுப்பின் அளவையே குறிப்பன. புற ஊதாத் தடுப்பைக் குறிப்பன அல்ல. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

ஒட்டப்பட்ட சீட்டு எவரும் அச்சிடக்கூடியதாயிற்றே என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மூக்குக் கண்ணாடிக் கடைகள் பலவற்றில் புற ஊதாவை அளக்கும் சிறு கருவி உண்டு. கேட்டால் அளந்து சொல்வர். வீட்டிலும் தோராயமாகச் சோதிக்கலாம். நம் நாட்டு ரூபாய்த் தாள்களின் வரிசை எண்களும், தாளினுள் சிதறியுள்ள நுண்ணிழைகளும் புற ஊதா விளக்கின்கீழ் ஒளிரும். இருட்டறையில் அவ்விளக்கைத் தாளின்மேல் காட்டி, விளக்கின் முன்னே வில்லையைப் பிடித்தால் ஒளிர்வு மறைதல் வேண்டும். வில்லையை விளக்கின் முன்னேதான் பிடிக்க வேண்டும். தம் கண்ணின் முன்னே பிடித்துப் பார்ப்பின் கறுப்பினாலேயே எல்லாம் மங்கித் தோன்றும். விளக்கை நேரே நோக்குதல் ஆகாது. மலிவான விளக்குகள் 395 நானோமீட்டர் அளவில் ஒளிர்வதால் அவற்றில் முடிவு துல்லியமாய் இராது. 365 நானோமீட்டர் விளக்கு நம்பத்தக்கது.

வில்லையின் செம்மையை அறிவது எளிது. கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, அதனூடே ஜன்னல் சட்டத்தையோ தரை ஓடுகளின் கோட்டையோ நோக்கியவாறு மெல்ல அசைத்தல் வேண்டும். கோடு நெளிந்தால் அவ்வில்லை செம்மையாக வார்க்கப்படவில்லை என்று பொருள். அதனை அணிந்தால் தலைவலி வரும்.

நிறங்களுள் சாம்பல் நிறம் பொருள்களின் வண்ணத்தை மாற்றாது காட்டும். பழுப்பு நிறம் மேடுபள்ளங்களைத் தெளிவுறக் காட்டும். நீலமும் இளஞ்சிவப்பும் அழகுக்கேயன்றிப் பிறிதொன்றுக்கும் உதவா. சாலை விளக்குகளின் சிவப்பும் பச்சையும் மயங்காதிருத்தல் வண்டி ஓட்டுவோருக்கு இன்றியமையாதது. இரவில் அணிவதற்கு என்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியால் பயனில்லை. அது உள்ள ஒளியையும் குறைக்கின்றது.

தார்ச்சாலையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கின்றன. 1929-ஆம் ஆண்டில் எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போலராய்டு தகடு, ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டு ஏனையதைத் தடுக்கின்றது. மீனவருக்கும் நெடுந்தொலைவு வண்டி ஓட்டுவோருக்கும் இது பேருதவி. இத்தகைய இரு கண்ணாடிகளை ஒன்றன்முன் ஒன்றாகக் குறுக்கே பிடித்தால் இருண்டுவிடும். போலி அவ்வாறு இருளாது. கைபேசித் திரையின் முன்னே கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தும் இதனை அறியலாம். ஆயின் இத்தகடும் தெறிப்பொளியைத்தான் குறைக்கின்றது. புற ஊதாத் தடுப்பைத் தனியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெயிலில் தானே கறுக்கும் வில்லைகளைப் பற்றியும் ஒரு சொல். இவை புற ஊதாவினால் கறுக்கின்றன. காரின் முகப்புக் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடுவதால் காரினுள் சரிவரக் கறுப்பதில்லை. மேலும் வெப்பம் மிகுந்தால் இவற்றின் கறுப்பு குறையும். குளிர்நாட்டில் நன்கு கறுக்கும் வில்லை, மே மாதத்து நாகபுரியில் ஏமாற்றமே தரும்.

நீடித்து உழைத்தல்

வெயிற் கண்ணாடி பெரும்பாலும் கெடுவது வில்லையில் அன்று, கீலிலேயே. காதில் மாட்டும் தண்டை மெல்ல விரித்து மடக்கிப் பார்த்தால், நடுவழியில் எங்கும் தளர்வின்றி ஒரே சீராக இயங்குதல் வேண்டும். திருகாணியால் பிணைக்கப்பட்ட கீலைத் திருத்தலாம். பிளாஸ்டிக்கோடு ஒன்றாக வார்க்கப்பட்டது முறிந்தால் எறிவதற்கே ஆகும். நைலான் சட்டம் இலேசானது, வளைந்து கொடுக்கும். ஓடியாடி உழைப்போருக்கு உகந்தது. அசிட்டேட் சட்டம் காண்பதற்கு இனியது. காருக்குள் வெயிலில் கிடந்தால் உருக்குலையும். உலோகச் சட்டங்களுள் டைட்டானியம் வியர்வையால் அரிக்கப்படுவதில்லை. மலிவான கலவைகளில் உள்ள நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். வில்லைகளுள் பாலிகார்பனேட் அடிபட்டாலும் எளிதில் உடையாது. இருசக்கர வண்டியில் செல்வோருக்கு இதுவே தக்கது. அது எளிதில் கீறல் விழும் இயல்பினது. ஆகையால் கடினப் பூச்சு உள்ளதை வாங்குதல் வேண்டும்.

வடிவத்தில் நாகரிகத்தைவிட அகலமே முக்கியம். புருவத்தை ஒட்டி அமர்ந்து, பக்கங்களையும் சிறிது வளைத்து மூடும் கண்ணாடி நன்று. உச்சி வேளையில் புருவ மேடு கண்ணுக்கு நிழல் தருகின்றது; முற்பகலிலும் பிற்பகலிலும் கதிர் சாய்வாக நேரே கண்ணில் விழுகின்றது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் உடன் அணிந்தால், கண்ணை எட்டும் கதிரில் ஏறக்குறையப் பாதி அதனாலேயே குறையும். வயலில் தலைப்பாகையின் முனையை முன்னே இழுத்துவிட்டுக்கொள்ளும் உழவர் செய்வதும் இதுவே.

எவ்வளவு சிறந்ததாயினும் வெயிற் கண்ணாடி இரண்டு வேலைகளுக்கு ஆகாது. சூரியனையோ கிரகணத்தையோ அதன் வழியே நோக்குதல் விழித்திரையை எரித்துவிடும். அதற்குரிய வடிகட்டிக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் வேறு தரம் உள்ளது. தெருவோரப் பட்டறைகளில் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் செய்யும் இளைஞர்களை எங்கும் காண்கின்றோம். அப்பொறியிலிருந்து எழும் புற ஊதாக் கதிர் பனிமலைக் கதிரைவிடக் கொடியது. எண்ணிடப்பட்ட வெல்டிங் வில்லை பொருத்திய முகக்கவசமே அதற்கு உரியது.

தூசி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியாலோ வேட்டி முனையாலோ துடைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். தூசியில் உள்ள மணல் துகள்கள் பூச்சைக் கீறிவிடும். முதலில் நீரில் அலசி, பின்னரே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுதல் வேண்டும். பெட்ரோல், அசிட்டோன் ஆகியவை பாலிகார்பனேட்டை வெடிக்கச் செய்யும். நகப்பூச்சை நீக்கும் நீர்மத்திலும் பெரும்பாலும் அசிட்டோன் உண்டு.