தோணி தள்ளுமுன் துறையைக் கேள்

ஏஎல் முடிவு வந்த கிழமையில் என் வீட்டுப் படலையைச் சாத்த முடிவதில்லை. முதலில் விலங்கியலும் பிறகு உயிரியலும் முப்பது வருஷம் படிப்பித்ததற்குக் கிடைத்த ஓய்வூதியம் அது. குச்சவெளிப் பிள்ளைகளோடு திரியாய், கும்புறுப்பிட்டி, புல்மோட்டைப் பிள்ளைகளும் வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: “சேர், மெடிசினுக்குப் புள்ளி காணாது. பயோமெடிக்கல் படிச்சுப்போட்டு டொக்டருக்குப் போகலாமெண்டு கனடாப் பெரியம்மா சொல்றா. போகலாமோ?” ஆளுக்கொரு தடவை சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதியே வைக்கிறேன்.

1. எந்த நாட்டுக் கதை என்று முதலில் கேள். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டம், பிறகு எம்கெட் பரீட்சை, அதற்குப் பிறகுதான் மருத்துவம். அவுஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கு கம்செட் என்றொரு பரீட்சை. லண்டனில் பள்ளிக்கூடத்தால் நேரே போகிறவர்களோடு, 2000 ஆம் ஆண்டிலிருந்து பட்டதாரிகளுக்கென்று நாலு வருஷப் படிப்பும் உண்டு. நம் நாட்டில் அரச மருத்துவ பீடத்துக்குப் போகிற வாசல் ஏஎல் பெறுபேறுதான். விஞ்ஞானப் பட்டத்தைக் காட்டி உள்ளே போகும் வழக்கம் இங்கே இல்லை. பெரியம்மா பொய் சொல்லவில்லை, அவ தன் கரையில் நின்றுகொண்டு சொல்கிறா.

2. ஓஎல் முடித்த பிள்ளைகளும் இதைக் கேளுங்கள். பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவ வாசல் அன்றைக்கே மூடிவிடும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க ஆசையென்றால் தாராளமாக எடு. தெரியாமல் எடுத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து வந்து அழாதே.

3. இசற் புள்ளியைச் சாதகம் பார்ப்பதுபோலப் பார்க்காதே. உன் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் வருவதன் சராசரிதான் அது. மருத்துவம் போன்ற துறைகளில் இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அப்படிப் பட்டியலிட்ட 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. எழுபதுகளில் தரப்படுத்தல் என்று நாடே சண்டைபிடித்த கணக்கின் பேரப்பிள்ளை இது. ரியூசனுக்காக வேறு மாவட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற நினைப்பவர்கள், எந்த மாவட்டத்துப் பிள்ளையாக எண்ணப்படுவோம் என்பதை முதலில் விசாரிக்கவும். பிறந்த ஊரைவிடப் படித்த பள்ளிக்கூடமே அங்கே பேசும்.

4. விண்ணப்பத்தின் வரிசையில் கவனமாக இரு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீடு உண்டு. நீ எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, உன் புள்ளி எட்டுகிற முதல் இடத்தைத் தருவார்கள். ஆகவே எட்டாது என்று நினைப்பதை மேலே எழுதுவதால் நட்டமில்லை. விரும்பாததை விரும்பியதற்கு மேலே எழுதினால் நட்டம். கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதை எழுதவே எழுதாதே. ஓரிடத்தில் பதிந்துவிட்டு அடுத்த வருஷம் மாறலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பதிவு பற்றிய பக்கங்களை வரிவரியாக வாசி.

5. மூன்று தரம் எழுதலாம் என்பதற்காக மூன்று தரமும் எழுதவேண்டும் என்றில்லை. இரண்டாம் தரம் எழுதுமுன் எந்தப் பாடம் விழுத்தியது, ஏன் விழுத்தியது என்று ஒரு தாளில் எழுது. பதில் தெளிவாக இருந்தால் எழுது. “கொஞ்சம் கூடப் படிச்சா வரும்” என்பது பதில் இல்லை.

6. எந்தப் படிப்பை எடுத்தாலும் அதன் வேலைக்காக எடு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்குப் போனபோது, எங்கோ ஒரு சந்தில் மருத்துவத்துக்கு வழி திரும்பும் என்று நம்பிக்கொண்டு போனேன். முதல் இரண்டு வருஷமும் உடம்பு விரிவுரை மண்டபத்தில், மனம் பக்கத்துக் கட்டடத்தில். வழி திரும்பவில்லை, நல்ல வகுப்பும் கிடைக்கவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, பிழை என்னுடையது.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருந்தகவியல், தாதியியல் எல்லாம் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் உண்டு. கதிர்ப்படமும் பிசியோதெரப்பியும் பேராதனையில் உண்டு. இவை மருத்துவத்தில் மிஞ்சியவர்களுக்கான பந்தி இல்லை. மார்கழி மழையோடு டெங்கு வரும்போது, கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க டொக்டர் குருதிச்சிறுதட்டு எண்ணிக்கைக்காகக் காத்திருப்பார். அந்த எண்ணைத் தருகிறவரும் உன்னைப்போல உயிரியல் படித்தவர்தான். அனுமதி கேட்டு ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார். மணமும் சத்தமும் பொறுத்துக்கொள்ள முடிகிறதா, கண் நுணுக்குக்காட்டியை விட்டு வர மனமில்லாமல் நிற்கிறதா என்று அங்கே தெரியும். பட்டத்துக்குப் பிறகு முதுமாணி செய்கிறவர்களுக்கும் இதுதான் சொல். ஆராய்ச்சியில் ஆசையென்றால் செய். மருத்துவ பீடத்தில் அதைக் காட்டலாம் என்று செய்யாதே.

7. நீ பட்டணத்துக்குப் போகிற அதே வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் படிக்கலாம். அது தனிப் பரம்பரை, அதற்குப் பதிவுசெய்யும் சபையும் வேறு. ஆங்கில மருத்துவத்துக்குக் குறுக்கு ஒழுங்கை என்று நினைத்துப் போகிறவன் இரண்டையும் அவமதிக்கிறான்.

8. கட்டடத்தைப் பார்த்துக் காசு கட்டாதே, பதிவைப் பார். மாலபேயில் இருந்த சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியின் கதை உனக்குத் தெரியவேண்டும். கட்டடம் இருந்தது, மாணவர் இருந்தார்கள், பட்டத்தைப் பதிவதுதான் வழக்காயிற்று. 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதியச் சொன்னது. மருத்துவ சபை உச்ச நீதிமன்றம் போனது. அரச மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். கடைசியில் அரசு அந்த நிறுவனத்தையே கலைத்து, பிள்ளைகளைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போனாலும் இதே சட்டம்தான்: அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கவேண்டும், திரும்பி வந்து பதிவுப் பரீட்சை எழுதவேண்டும். பழைய ஆட்கள் ‘அக்ற் சிக்ஸ்ரீன்’ என்பது அதைத்தான். கொழும்பில் பெரிய எழுத்தில் விளம்பரம் வரும் பயோமெடிக்கல் பட்டங்களுக்கும் கேள்வி ஒன்றே: இதை முடித்தால் எந்தச் சபை எந்தப் பெயரில் என்னைப் பதியும்? முகவர் வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதே, கடிதமாகக் கேள். வளவை ஈடுவைப்பது அதற்குப் பிறகு.

9. பல்கலைக்கழக அனுமதி முடிவு வரும்வரை கிடைக்கிற மாதங்களில் ஆங்கிலம் படி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நம் மொழியிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் மொழிபெயர்த்தார். இன்று மருத்துவ பீடத்துக்குப் போனாலும் விஞ்ஞான பீடத்துக்குப் போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழில் ஏ எடுத்த பிள்ளை முதலாம் வருஷத்தில் தடுமாறுவது பாடம் தெரியாமல் அல்ல. ஒரு நாளைக்கு உயிரியல் புத்தகத்தில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசி, போதும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் குழப்பமென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வா. கைநூலையும் ஒரு பென்சிலையும் கொண்டு வா. அப்பாவையும் கூட்டி வா, பாதிக் குழப்பம் அவரிடம்தான் இருக்கும்.