பழுதுற்ற வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குத் தென்கிழக்கே, இந்திரா நகரை அடுத்து அமைந்துள்ள ஜோகுபாளையம், நெருங்கிய வீடுகளும் சிறு கடைகளும் நிறைந்த பழைய பகுதியாகும். தமிழ் பேசும் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. அப்பகுதியில் தொழில் நடத்தும் கல்யாண நிழற்படக்காரர் ஒருவரின் மேசையிலிருந்து, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்கும் புறவன்தட்டு ஒன்று, ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே தரையில் விழுந்தது எனக் கொள்க. அதில் மூன்று கல்யாணங்களின் படங்கள் உள்ளன. காமிராவின் நினைவு அட்டைகளோ அடுத்த வேலைக்காக ஏற்கெனவே துடைக்கப்பட்டுவிட்டன. வேறு பிரதி கிடையாது. படம் போய்விட்டதே என்று மணமக்களை மறுமுறை மணவறையில் அமரச் சொல்லவும் இயலாது. மீண்டும் இணைத்துப் பார்த்தபோது தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான ஓசை மட்டும் எழுகிறது. கணிப்பொறிக்கு அப்படியொரு சாதனம் இருப்பதே தெரியவில்லை.

இந்நிலையில் மனிதர் இயல்பாகச் செய்வது கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகுவதுதான். ஒரு முறை அல்ல, இருபது முறை. அவ்விருபது முறைகளில்தான் பெரும்பாலான கோப்புகள் அழிகின்றன. தட்டு விழுந்த கணத்தில் நேர்ந்த சேதம் பெரும்பாலும் சிறியது. அதன் பின்னர் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் முயற்சிகளே அதைப் பெரிதாக்குகின்றன. இதற்குக் காரணம் தட்டின் அமைப்பிலேயே உள்ளது.

தட்டின் உட்புறம்

வன்தட்டு என்பது காந்த முறையில் செய்திகளைப் பதித்து வைக்கும் சாதனம். 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று சட்டைப்பையில் அடங்கும் புறவன்தட்டு அதனினும் பல லட்சம் மடங்கு கொள்கிறது. ஆயினும் தத்துவம் மாறவில்லை: சுழலும் தகடு, அதன்மேல் நுண்ணிய காந்தப் படலம், குறுக்கே நகரும் கரம், கரத்தின் நுனியில் எழுதவும் படிக்கவும் வல்ல முனை.

கையடக்கத் தட்டுகளின் தகடு சுமார் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. பல தட்டுகளில் நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. கணக்கிட்டால், தகட்டின் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது விளங்கும். இவ்வேகத்தில் எழும் காற்றுப் படலமே முனையைத் தாங்கி மிதக்க வைக்கிறது. முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்களே; தலைமயிர் ஒன்றின் பருமன் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. சிகரெட் புகையின் துகள்கூட அவ்விடைவெளியில் நுழைய முடியாத பெரும் பாறை.

மின்சாரம் நின்றவுடன் முனைகள் தகட்டை விட்டு விலகி, ஓரத்திலுள்ள சாய்தளத்தில் ஏறி ஒதுங்கிவிடும். எனவே ஓய்ந்திருக்கும் தட்டு விழுந்தால் தப்புவது எளிது. ஓடும் தட்டு விழுந்தால் முனை தகட்டில் மோதுகிறது. வளைந்த முனையோடு தகட்டை மீண்டும் சுழற்றுவது, ஆணியைக் கிராமபோன் தட்டின்மேல் அழுத்தி ஓட்டுவதற்கு ஒப்பாகும். கீறல் வட்டமாக விரிகிறது. சுரண்டப்பட்ட துகள்கள் உள்ளே பறந்து ஏனைய முனைகளையும் கெடுக்கின்றன. சுரண்டப்பட்ட இடத்தில் காந்தப் படலமே இல்லையாதலால், அங்கிருந்த செய்தியை எந்த நிபுணராலும் திரும்பக் கொணர இயலாது.

ஓசையும் நோயும்

தட்டின் நோயை முதலில் செவியாலேயே அறியலாம்.

ஓசையே இல்லை, விளக்கும் எரியவில்லை எனில் கோளாறு பெரும்பாலும் வெளியே உள்ளது. கம்பி அறுந்திருக்கலாம், கணிப்பொறியின் துளை போதிய மின்னோட்டம் தராதிருக்கலாம். வேறு கம்பி, வேறு கணிப்பொறி என மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. அடுத்தபடி, புறவன்தட்டின் உறைக்குள் இருப்பது பெரும்பாலும் சாதாரண மடிக்கணிப்பொறித் தட்டும், அதை யு.எஸ்.பி. கம்பியோடு இணைக்கும் சிறு மின்பலகையுமே. பலகை மட்டும் கெட்டிருந்தால், தட்டை உறையிலிருந்து எடுத்து நேராக இணைத்தவுடன் கோப்புகள் தோன்றிவிடும். ஆனால் சில தயாரிப்புகளில் அந்தப் பலகையே எல்லாவற்றையும் சங்கேத எழுத்தாக மாற்றிப் பதிக்கிறது. அவற்றில் பலகையை விலக்கினால் பொருளற்ற எண்களே எஞ்சும். வேறு சிலவற்றில் யு.எஸ்.பி. துளை தட்டின் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிரிக்க ஏதுமில்லை.

தாய்ப்பலகை எரிந்துபோனால் ஒரு பழைய உபாயம் உண்டு. பெங்களூர்க்காரர்கள் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அதே மாதிரித் தட்டு ஒன்றைத் தேடி வாங்கி, அதன் பலகையைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். முற்காலத் தட்டுகளில் இது பலித்தது. இன்றைய தட்டு ஒவ்வொன்றுக்கும் அதன் முனைகளின் தனி இயல்புக்கேற்ற திருத்த எண்கள் தொழிற்சாலையிலேயே கணிக்கப்பட்டு, பலகையிலுள்ள சிறு சில்லில் எழுதப்படுகின்றன. அச்சில்லையும் பெயர்த்துப் புதிய பலகையில் வைத்துப் பற்றவைத்தாலன்றித் தட்டு இயங்காது.

தட்டு ஒழுங்காகச் சுழல்கிறது, கணிப்பொறியும் அதை அறிகிறது, ஆயினும் ‘உபயோகிக்குமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்ற அறிவிப்பு எழுகிறது எனில், கெட்டிருப்பது தகடு அன்று, கோப்புகளின் அட்டவணை. அறிவிப்புக்கு ‘வேண்டாம்’ என்றே விடையளிக்க வேண்டும். ஆம் என்பதற்கு வேண்டியது ஒரு விரலசைவே. அதைச் சரிசெய்யப் பல நாட்கள் வேண்டியிருக்கும்.

சுழல்கிறது, ஆனால் ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிஷங்கள் ஆகின்றன எனில், தகட்டின் சில கட்டங்கள் படிக்க முடியாதவையாகிவிட்டன. தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஸ்மார்ட் எனப்படும் அக்குறிப்பில் மாற்றிடம் தரப்பட்ட கட்டங்களும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கட்டங்களும் எண்ணிக்கையாகத் தெரியும். அவ்வெண் நாளுக்கு நாள் ஏறினால் தட்டின் ஆயுள் முடிகிறது என்று பொருள். இந்நிலையில் விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற பழுது நீக்கும் கட்டளைகளை ஏவுவது தவறு. அவை அட்டவணையைத் திருத்துவதற்காகத் தட்டின்மேலேயே எழுதுபவை. கோப்புகளைக் காப்பது அவற்றின் நோக்கமன்று.

ஜோகுபாளையத்துத் தட்டின் ‘டிக், டிக்’ ஓசை நான்காம் வகை. முனை, தகட்டில் பதிந்துள்ள வழிகாட்டிக் குறிகளைப் படிக்க இயலாமல், கரம் திரும்பத் திரும்பத் தொடக்க இடத்துக்கு மீள்வதே அவ்வோசை. இதற்கு வீட்டில் செய்யத்தக்கது ஒன்றே: கம்பியைக் கழற்றி, மீண்டும் செருகாதிருத்தல்.

முதலில் பிரதி

ஜோகுபாளையத்திலிருந்து பழைய மதராஸ் சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், பையப்பனஹள்ளியில் சி-டாக் எனப்படும் மத்திய அரசின் கணிப்பு ஆராய்ச்சி அமைப்பின் வளாகம் உள்ளது. 1988-ல் தொடங்கப்பெற்ற அவ்வமைப்பின் திருவனந்தபுரம் மையம், குற்றப் புலனாய்வுத் துறையினருக்கென ட்ரூபேக் என்ற மென்பொருளை உருவாக்கியது. கைப்பற்றப்பட்ட தட்டை அப்படியே பிரதியெடுப்பது அதன் வேலை. கோப்பு கோப்பாக அல்ல, தட்டின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை, வெற்றிடம் என்று தோன்றுவதையும் விடாமல் எடுக்கப்படும் பிரதி. ஆராய்ச்சி யாவும் பிரதியின்மேல்தான். மூலத்தை மறுபடி தொடுவதில்லை. நீதிமன்றச் சாட்சியத்துக்காக ஏற்பட்ட இந்நெறி, கல்யாணப் படங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மூலம் நோயுற்றிருக்கும்போது இப்பிரதியெடுக்கும் வரிசைமுறை முக்கியமாகிறது. சாதாரணப் பிரதி முறை, படிக்க முடியாத கட்டத்தை அடைந்ததும் அங்கேயே நின்று முட்டிக்கொள்ளும். தட்டின் எஞ்சிய ஆயுள் அதிலேயே கழியும். குனூ திட்டத்தைச் சேர்ந்த டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் வேறு விதமாகச் செய்கிறது. எளிதில் படிக்கக் கூடியவற்றை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமான இடங்களைத் தாண்டிச் சென்று, இறுதியில் திரும்பி வந்து அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக முயல்கிறது. எதைப் படித்தது, எதை விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், தட்டு சூடேறினால் நிறுத்தி, ஆறியபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நலமுள்ள ஒரு டெராபைட் தட்டை விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் பிரதியெடுக்க மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாகும். நோயுற்ற தட்டுக்கு நாட்கணக்கிலும் ஆகலாம். பிரதி செல்லும் தட்டு மூலத்துக்குச் சமமான அல்லது பெரிய கொள்ளளவு உடையதாயிருத்தல் அவசியம்.

மூடியைத் திறத்தல்

‘டிக்’ ஓசையிடும் தட்டுக்கு இம்முறை உதவாது; முனைகளையே மாற்ற வேண்டும். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூற்றுக்கு மிகாத தூய அறையில், அதே மாதிரித் தட்டு ஒன்றின் முனைத்தொகுதியைப் பெயர்த்து இதில் பொருத்துவர். முனைகள் ஒன்றோடொன்று உரசாதிருக்கச் சீப்பு போன்ற தனிக் கருவிகள் உண்டு. மாற்று முனை நெடுநாள் ஓடும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு முழுப் பிரதி எடுக்கும்வரை தாங்கினால் போதும். இது செலவு மிக்க வேலை. தட்டின் விலையைப்போல் பன்மடங்கு. ஆகவே உள்ளிருப்பது அத்தொகைக்கு உரியதா என்பதை உரிமையாளரே தீர்மானிக்க வேண்டும்.

தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் பிழைக்கும் என்ற வைத்தியம் இன்றும் வாய்மொழியாக உலவுகிறது. குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தவுடன் காற்றிலுள்ள ஈரம் தகட்டில் பனியாகப் படியும். அதன்மேல் முனை ஓடும். இதனினும் கெட்ட வைத்தியம் வேறில்லை எனலாம். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2022 செப்டம்பரில் பெங்களூரிலும் ஏற்பட்ட வெள்ளங்களைப் போன்ற காலங்களில் நனைந்துபோகும் தட்டுகளை வெயிலில் உலர்த்துவதும் தவறே. காற்றுத் துவாரத்தின் வழியே புகுந்த அழுக்கு நீர் உலரும்போது, அதிலுள்ள உப்பும் சேறும் தகட்டில் ஒட்டிக் கெட்டிப்படுகின்றன. நனைந்த தட்டை ஈரம் போகாதவாறு பிளாஸ்டிக் பையில் மூடி, இயக்காமல் நிபுணரிடம் சேர்ப்பதே முறை.

திறமையான மீட்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2003 பிப்ரவரி 1-ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் பூமிக்குத் திரும்பிய கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. க்செனான் வாயுவின் பாகுநிலையைப் பற்றி அதில் நடந்த ஒரு பரிசோதனையின் அளவைகள், சில நூறு மெகாபைட் கொண்ட சிறிய வன்தட்டில் இருந்தன. கருகிய நிலையில் சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்ட அத்தட்டைத் தூய்மைப்படுத்தி, தகடுகளை வேறு தட்டில் பொருத்தி, அமெரிக்க நிபுணர்கள் சுமார் 99 சதவீதத்தைப் படித்துவிட்டனர். ஆராய்ச்சி முடிவு 2008-ல் வெளியாயிற்று. தகட்டில் குழிவிழுந்த பகுதிகள் இருந்தன. ஆனால் டாஸ் என்ற பழைய இயக்குமுறை செய்திகளைச் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதுவதாதலால், குழிகள் பெரும்பாலும் எழுதப்படாத இடங்களில் அமைந்தன. திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது. அதே கலத்தின் வேறு இரு தட்டுகளிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

பிரதியிலிருந்து படம்

பிரதி கைக்கு வந்தபின் நடப்பது அமைதியான வேலை. கோப்பை ‘அழித்தல்’ என்பது பெரும்பாலும் அட்டவணையில் ஒரு குறியிடுதலே. வேறு எதுவும் மேலே எழுதப்படாதவரை உட்பொருள் இருந்த இடத்திலேயே கிடக்கும். சுழலும் தகடற்ற எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்புகளுக்கு இவ்வாறுதல் பொருந்தாது. அழிக்கப்பட்ட இடத்தை அவை பெரும்பாலும் தாமாகவே வெறுமையாக்கிவிடும். அட்டவணை சிதைந்திருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருள்கள் தட்டின் வேறிடத்தில் ஒளிந்துள்ள அதன் மாற்றுப்படியைத் தேடிப் பார்க்கும்.

ஜோகுபாளையத்துத் தட்டில் கீறல் அட்டவணையின் குறுக்கே ஓடியிருந்தால் அதுவும் கிடைக்காது. அப்போது ஃபோட்டோரெக் என்ற மென்பொருள், அட்டவணையைப் பொருட்படுத்தாமல் பிரதியைக் கட்டம் கட்டமாக வாசிக்கும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் குறித்த சில எண்களுடனேயே தொடங்குவதால், அவ்வெண்கள் தோன்றும் இடத்திலிருந்து படத்தை அகழ்ந்தெடுக்கும். துண்டு துண்டாகச் சிதறியிருந்த படங்கள் பாதியில் சாம்பல் நிறமாக முடியும். கோப்பின் பெயர்கள் யாவும் போய்விடும். மூன்று கல்யாணங்களும் ஒன்றாகக் கலந்து, ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களோடு குவியும். எனினும் காமிரா ஒவ்வொரு படத்தினுள்ளும் அதை எடுத்த நாளையும் நேரத்தையும் பதித்திருக்கிறது. அதைக் கொண்டு முதலில் கல்யாணம் கல்யாணமாகவும், பின்னர் முகூர்த்தத்துக்கு முன், பின் எனவும் நிழற்படக்காரர் பிரித்தடுக்கத் தொடங்கலாம்.