ஆவணிப் பாலின் கணக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

தயிர் வியாபாரத்தைப் பெருப்பிக்கப் போகிறாய் என்று உன் உம்மா சொன்னா. லீசிங்கில் கூலர் பூட்டிய லொறி, வளவை ஈடு வைத்து வங்கிக் கடன், கொழும்பு சுப்பர்மார்க்கட்டுக்கு நாளுக்கு 200 சட்டி. கேட்க மாமாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். கிண்ணியாத் துறையில் படகுப் பாதைக்குக் காத்து நின்று திருகோணமலைக்குப் போன தலைமுறை உன் மாமாவுடையது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ரோட்டு வந்ததும் கொழும்பு கிட்டத் தெரிகிறது. போ என்றுதான் மாமாவும் சொல்கிறேன். ஆனால் லொறியை ஆவணிப் பாலைப் பார்த்து வாங்கு, தைப் பாலைப் பார்த்து வாங்காதே.

பருவமழை முடிந்து புல் தழைத்திருக்கும் மாதங்களில் எருமைப் பட்டிக்காரர் கொண்டுவரும் பாலும், வெயில் தரையைச் சுட்டெடுக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் வரும் பாலும் ஒரே அளவில்லை. போன வருடக் கொப்பியைப் புரட்டினால் உனக்கே தெரியும். அல்லைத் திட்டத்து நீர் பாயும் வயல்களில் பெரும்போகமும் சிறுபோகமும் நடக்கின்றன. வயலில் பயிர் நிற்கும்வரை எருமைக்கு அங்கே இடமில்லை, பட்டியைக் காட்டோரம் சாய்க்க வேண்டும். மேய்ச்சல் தரை வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. சுப்பர்மார்க்கட்டோ தையிலும் 200 சட்டி கேட்கும், ஆவணியிலும் 200 சட்டி கேட்கும்.

அப்போது என்ன நடக்கும்? கைக்குப் பால் எட்டாதவன் பசுப்பாலைக் கலப்பான், பால்மாவைக் கரைப்பான். எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசுப்பாலில் 4 சதவீதம் அளவில்தான். காய்ச்சிய பாலை விரல் தாங்கும் சூட்டுக்கு ஆற்றி, மண்சட்டியில் ஊற்றி, அளவாய் உறையிட்டு மூடி வைத்தால், மண் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கரண்டியால் வெட்டினால் வெட்டின இடம் வெட்டினபடி நிற்கும். கலந்த பாலில் அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். வாங்குகிறவர் அதை ஒரு தடவை கண்டால் போதும், நம் தோப்பூர்த் தயிர் என்ற பெயரை நம்பி அடுத்த சட்டி எடுக்க மாட்டார்.

அடுத்தது காசு. ஒரு சட்டி 500 ரூபா, அதில் பாலுக்கும் சட்டிக்கும் 400 ரூபா என்று கணக்குக்கு வைத்துக்கொள். நாளுக்கு 200 சட்டி அனுப்ப 80,000 ரூபா உன் கையிலிருந்து போகும். பட்டிக்காரருக்குக் கிழமைக்குக் கிழமை காசு கொடுத்தாக வேண்டும். அவரும் குடும்பக்காரர். கொழும்புக்காரர் 45 நாள் கழித்துத்தான் செக் தருவார் என்றால், முதல் செக் வருமுன் 36 இலட்சம் ரூபா வெளியே நிற்கும். இந்தக் காசை எங்கிருந்து எடுப்பாய்? கூலர் லொறியின் விலை இதற்குள் இல்லை.

இலாபத்தில் ஓடுகிற வியாபாரமும் கையில் காசு வற்றி நின்றுபோகும். சென்னையில் 1997இல் தொடங்கிய சுபிக்ஷா மளிகைக் கடைகள் நல்ல உதாரணம். மலிவு விலை, சின்னச் சின்னக் கடைகள் என்று தமிழ்நாட்டில் பிடித்த பெயரோடு, சில வருடங்களுக்குள் இந்தியா முழுக்கப் பரவி 2008இல் ஏறக்குறைய 1,600 கடைகளாகின. விரிந்ததில் பெரும்பகுதி கடன் காசு. உலகச் சந்தை சரிந்த அந்த வருடத்தில் புதுக்காசு வரவில்லை. சரக்குக் கொடுத்தவர்களுக்கும் சம்பளக்காரருக்கும் கொடுக்க வழியின்றி 2009இல் கடைகள் மூடின. ஆட்கள் கடைக்கு வராமல் போனதால் வந்த முடிவில்லை அது.

அதே சென்னையில் சந்திரமோகன் என்பவர் 1970இல் 13,000 ரூபா முதலோடு ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கினார். பெரிய கொம்பனிகளோடு நகரத்தில் மோதிக்கொண்டிராமல், அவர்கள் கவனிக்காத சிறு ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். ஆரோக்யா பால் வந்தது 1995இல், குச்சி ஐஸுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பின். இன்று அவருடைய ஹட்சன் இந்தியாவின் பெரிய தனியார் பால் கொம்பனிகளில் ஒன்று. ஒரு சந்தையில் காலூன்றி அதில் வந்த பலத்தில் அடுத்ததுக்குப் போன ஒழுங்குதான் மாமாவுக்குப் பிடித்தது.

கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2022ஐ மறந்துவிடாதே. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. முன்பு தாங்கக்கூடிய வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள், டீசல் வரிசையில் லொறியை நிறுத்திவிட்டுத் தவணைக்கு வழி தேடினார்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி (பராட்டே என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) பெரிய கடனென்றால் ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். நீ வைக்கப் போவது உம்மா இருக்கிற வளவு. 2006இல் மாவிலாற்றுச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து கட்டிய வீடு அது. அதைத் தவிர வேறு எதையாவது ஈடு வை, இல்லாவிட்டால் கடனைச் சிறிதாக்கு.

முதல் கடனைப் புல்லுக்கு எடு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல் நம் நாட்டில் பரவலாய் நிற்கிறது. ஒரு குழாய்க்கிணறும் ஒரு துண்டுக் காணியும் இருந்தால், கோடையில் பட்டிக்காரருக்குப் புல் கொடுத்துப் பாலை உன் பக்கம் நிறுத்தலாம். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஹோட்டல்கள் நிறைந்திருக்கும். நம் பால் குறைகிற காலமும் அதுவே. ஆகவே அந்த மாதங்களில் கிடைக்கும் கொஞ்சத் தயிரை நல்ல விலைக்குக் கையோடு காசு தருகிற ஹோட்டலுக்குக் கொடு. மழைக்குப் பின் மிஞ்சுகிற பாலுக்குக் கொழும்பைத் தேடு. நோன்பு காலத்தில் ஊருக்கே தயிர் போதாது, அந்த மாதம் ஊராரைக் கைவிடாதே.

கொழும்புக்காரரிடம் மூன்று விசயம் எழுத்தில் வாங்கு: எத்தனை நாளில் காசு, விற்காத சட்டியும் உடைந்த சட்டியும் யார் கணக்கில், கோடையில் தொகையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா. முதல் ஆறு மாதம் வாடகை வண்டியில் 40 சட்டி அனுப்பிப் பார். போன வருடப் பால் கொப்பியை மாதவாரியாய்க் கூட்டி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீட்டுக்கு வா. இருந்து கணக்குப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்,
மாமா
தோப்பூர்